வலிப்புக்கு மனப்பயிற்சி: மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. முதுநிலைப் பட்டப்படிப்பில் இருக்கிறாள். 16 வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலேறி வருகிறது என்று சொல்வாள். சற்று நேரத்தில் ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பாள், வாயை மெல்லுவதுபோல் அசைப்பாள், துப்பட்டாவைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். நடந்தது எதுவும் நினைவிருக்காது. கார்பமாசிபின், லெவெடிரசெட்டம் என இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டும் மாதம் நான்கைந்து முறை வருகிறது. தேர்வு நேரத்தில் இன்னும் அதிகம். கோபமும் கூடிவிட்டது. மனத்தைப் பழக்கினால் வலிப்பைத் தடுத்துவிடலாம், மாத்திரை தேவையில்லை என்று சொல்லும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் குறைக்கப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். அந்தக் காணொளியில் சொல்வது உண்மையா? யோகா வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். அந்தக் காணொளி முற்றிலும் பொய்யாக இருந்திருந்தால் தங்கள் மகளை மறுத்துப் பேசுவது எளிதாக இருந்திருக்கும். அதில் ஓரளவு உண்மை கலந்திருப்பதால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழக்கங்களை மாற்றுவதாலும் சில பயிற்சிகளாலும் வலிப்பு வரும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நரம்பியல் துறையோடு இணைந்து பணியாற்றும் மருத்துவ உளவியலாளன் என்ற முறையில் என் வேலையின் ஒரு பகுதியே அதுதான். ஆனால் நான் அறிந்த நல்ல ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பயிற்சிகளைச் செய்தவர்கள். மாத்திரையைத் தானாகக் குறைத்தாலோ, திடீரென நிறுத்தினாலோ, வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை ஏற்படலாம். ஆகவே இன்றைய அளவில் ஒரு மாத்திரைகூடக் குறைய வேண்டாம் என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். அதட்டிச் சொல்ல வேண்டாம். அவருடைய ஆர்வத்தைப் பயனுள்ள வழியில் திருப்ப நிறைய இடமிருக்கிறது.

நாம் செய்கிற ஒரு செயல் மூளையின் மின்னோட்டத்தை எப்படி மாற்றும் என்று சிலர் கேட்பதுண்டு. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். முந்தைய இரவு குறைவாகத் தூங்கச் சொல்லி வரவழைக்கிறார்கள். படுக்கவைத்து மூன்று நிமிடம் வேகவேகமாக மூச்சுவிடச் சொல்கிறார்கள். கண்ணுக்கு நேரே விளக்கை விட்டுவிட்டு ஒளிரச் செய்கிறார்கள். இவை மூன்றும் மூளையில் மறைந்திருக்கும் வலிப்புத் தன்மையை வெளியே கொண்டுவரக்கூடியவை என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். தூக்கமும் மூச்சும் பார்வையும் வலிப்பைத் தூண்ட முடியுமானால், அவற்றை ஒழுங்குபடுத்துவது வலிப்பைத் தணிக்கவும் உதவலாம் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. எந்த அளவுக்கு, யாருக்கு என்பவைதான் கேள்விகள்.

தென்னிந்தியர்களான நமக்கு இதற்கு ஒரு தெளிவான சான்று வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது. தலையில் வெந்நீரை ஊற்றும்போது மட்டும் வரும் ஒருவகை வலிப்பு உண்டு. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இது மற்ற இடங்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்ளும் நம் வழக்கமே தூண்டுகோலாகிறது. இவர்களில் பலருக்கு, நீரின் சூட்டைக் குறைப்பதும், தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன் மருத்துவர் சொன்ன அளவில் குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையை எடுத்துக்கொள்வதும் போதுமானதாக இருக்கிறது. ஒரு பழக்கத்தை மாற்றுவது சிகிச்சையாகவே ஆகிவிடும் இடம் இது. தங்கள் மகளுக்கு இருப்பது இந்த வகை அல்ல. தாங்கள் விவரித்திருப்பது, மூளையின் டெம்போரல் மடலில், அதாவது காதுக்கு அருகே உள்ள பக்கப் பகுதியில், தொடங்கும் வலிப்பை ஒத்திருக்கிறது. அங்கே தூண்டுகோல்கள் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டெம்போரல் மடல் வலிப்பில் நடத்தைப் பயிற்சியின் வரலாறு சுவையானது. 1950-களில் லண்டனில் ராபர்ட் எஃப்ரான் என்ற மருத்துவர், மேடைப் பாடகியான ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு படிப்படியாக வரும். அந்தப் படிகளில் ஒன்று, இல்லாத வாசனை ஒன்றை உணர்வது. முன்னறிகுறி தொடங்கிய உடனேயே கடுமையான ஒரு மணத்தை முகரச் செய்தால் வலிப்பு அத்தோடு நின்றுவிடுவதை எஃப்ரான் கண்டார். பிறகு மல்லிகை மணத்தையும் ஒரு கைவளையலையும் திரும்பத் திரும்ப ஒன்றாகக் கொடுத்துப் பழக்கினார். நாளடைவில் மணம் தேவைப்படவில்லை. வளையலை உற்றுப் பார்த்தாலே போதுமானது. பின்னர் அதை மனத்தில் நினைத்தாலே போதும் என்ற நிலை வந்தது. 1956, 1957 ஆம் ஆண்டுகளில் இவை மருத்துவ இதழில் வெளிவந்தன. தலையில் மல்லிகைச் சரம் வைத்திருந்தால் வலிப்பு வராது என்று இதற்குப் பொருளல்ல. வலிப்பின் அலை மூளையில் பரவத் தொடங்கும் தருணத்தில், அது பயணப்படும் நரம்புப் பகுதியை வேறொரு வேலையில் ஈடுபடுத்தினால் பரவல் தடைபடலாம் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நம் ஊரில் வலிப்பு வந்தவர் மூக்கருகே செருப்பையோ வெங்காயத்தையோ நீட்டுகிறார்கள், கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். நினைவு தப்பி உடல் வெட்டத் தொடங்கிய பிறகு இவற்றால் பயனில்லை. வலிப்பு தானாக ஓய்ந்ததைச் சாவியின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். எஃப்ரானின் முறைக்கு உயிர்நாடி, நினைவு தப்புவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தச் சில விநாடிகள். தங்கள் மகளுக்கு வயிற்றிலிருந்து மேலேறும் அந்த உணர்வு இருக்கிறதே, அதுதான் அவருக்குக் கிடைத்திருக்கும் விநாடிகள். முன்னறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த வழி திறப்பதில்லை.

பின்னாளில் வந்த ஆய்வுகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் யோகோ நகாய் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 18 பேர் பங்கேற்றனர். விரல்களில் பொருத்திய கருவி தோலின் மின்கடத்தும் திறனைத் திரையில் காட்ட, அதைப் பார்த்தே தங்கள் விழிப்புநிலையை உயர்த்த அவர்கள் பழகினர். உண்மையான பயிற்சி பெற்ற 10 பேரில் 6 பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. போலிப் பயிற்சி பெற்றவர்களில் யாருக்கும் அவ்வாறு குறையவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் பழகியது அமைதியடைவதற்கு அல்ல, சுறுசுறுப்படைவதற்கு என்பது. மனத்தை அமைதிப்படுத்தினால் வலிப்பு போய்விடும் என்று காணொளிகள் ஒரே வாய்ப்பாடாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவும் ஒரு காரணம். பதற்றத்தின் உச்சியில் வலிப்பு வருபவர்கள் உண்டு. தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்து சாய்ந்து படுத்த பிறகு வருபவர்களும் உண்டு. மதியத் தூக்கச் சொக்கலில் வருபவர்களும் உண்டு. முதல் வகையினருக்குத் தளர்வுப் பயிற்சி பொருந்தும். மற்ற இரு வகையினருக்கு, அந்த நேரத்தில் எழுந்து நடப்பதும், பேச்சுக் கொடுப்பதும், ஒரு வேலையில் கருத்தூன்றுவதும் உதவக்கூடும்.

ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர்கள் டோபியாஸ் லுண்ட்கிரென், ஜோஆன் டால் ஆகியோர் தென்னாப்பிரிக்காவில் 27 பேருக்கு, மொத்தம் 9 மணி நேரமே கொண்ட ஒரு உளவியல் சிகிச்சையை அளித்தனர். வலிப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தால் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளாமல், தனக்கு முக்கியமானவற்றை நோக்கிச் செயல்படப் பழக்குவதோடு, முன்னறிகுறி வரும்போது செய்ய வேண்டியவற்றையும் கற்றுக்கொடுக்கும் முறை அது. 2006-இல் வெளியான அதன் முடிவுகளில் வலிப்பும் குறைந்திருந்தது, வாழ்க்கைத் தரமும் உயர்ந்திருந்தது. அதே குழுவினர் இந்திய நரம்பியல் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, 18 பேரைக் கொண்டு அந்தச் சிகிச்சையையும் யோகாவையும் ஒப்பிட்டபோது, இரண்டிலுமே வலிப்பு குறைந்தது. உளவியல் சிகிச்சையில் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. யோகாவைப் பற்றி அண்மையில் வந்த ஆய்வு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையினுடையது. 2023-இல் வெளியான அதில் 160 பேர் பங்கேற்றனர். பாதிப்பேர் யோகாவும், மற்றவர்கள் அதைப்போலவே தோன்றும் வேறு அசைவுகளும் செய்தனர். ஆறு மாதக் கண்காணிப்பின் முடிவில், வலிப்பு பாதிக்கும் மேல் குறையும் வாய்ப்பு யோகா குழுவில் நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நோயைப் பற்றிய கூச்சமும் குறைந்திருந்தது.

நம்பிக்கை தரும் முடிவுகள்தான். ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். ஒரு சிகிச்சையைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எடைபோடுவது காக்ரேன் மதிப்பாய்வு. யோகாவையும் வலிப்பையும் பற்றி அதைச் செய்தவரே சென்னையைச் சேர்ந்த நரம்பியல் நிபுணர் ஸ்ரீதரன் ராமரத்னம். அன்றைக்குக் கிடைத்த சான்றுகளைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலாது என்றுதான் அந்த மதிப்பாய்வு சொன்னது. அமெரிக்காவில் ஷெரில் ஹாட் தலைமையில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 66 பேரில் ஒரு சாரார் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும், மறு சாரார் வெறுமனே கவனத்தை ஒருமுகப்படுத்தும் எளிய செயல்களையும் மூன்று மாதம் செய்தனர். முதல் குழுவில் வலிப்பு 29 சதவீதமும் இரண்டாம் குழுவில் 25 சதவீதமும் குறைந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுவினரும் நாள்தோறும் குறிப்பேடு எழுதினார்கள், நாள்தோறும் சற்று நேரம் ஒதுக்கித் தங்களைக் கவனித்தார்கள் என்பதை வைத்துப் பார்க்கும்போது, எந்தப் பயிற்சி என்பதைவிட, ஒழுங்காகத் தன்னைக் கவனிப்பதுதான் வேலை செய்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் தங்கள் மகள் தொடங்க வேண்டியது ஒரு குறிப்பேட்டிலிருந்து. வலிப்பு வந்த நாளை மட்டும் எழுதினால் போதாது; வராத நாட்களையும் எழுதினால்தான் ஒப்பிட முடியும். இரவு படுத்த நேரம், விழித்த நேரம், இரண்டு வேளை மாத்திரை சாப்பிட்ட உண்மையான நேரம், மாதவிடாய்த் தேதி, தவறவிட்ட உணவு, அன்றைய மனநிலை, வலிப்புக்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார், முன்னறிகுறி எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றை இரண்டு மூன்று மாதம் எழுதிவரட்டும். பெண்களில் சிலருக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வலிப்பு கூடுவது உண்டு; அது குறிப்பேட்டில்தான் பிடிபடும். தேர்வு நேரத்தில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வின் பயமா, கண்விழித்துப் படிப்பதா, அந்தப் பரபரப்பில் இரவு மாத்திரை தள்ளிப்போவதா என்று பிரித்தறியாமல் மன அழுத்தம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், தவறான இடத்தில் மருந்து தடவிக்கொண்டிருப்போம். என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளிகள் பின்னவை இரண்டும்தான்.

நடத்தைச் சிகிச்சை என்றதும் எல்லோரும் தியானத்தை நினைக்கிறார்கள். மாத்திரையைக் குறித்த நேரத்தில் விழுங்குவதும் ஒரு நடத்தைதான், அதைவிடப் பலன் தரும் நடத்தை வேறில்லை. கைப்பேசியில் இரண்டு வேளைக்கும் மணி ஒலிக்கச் செய்யுங்கள். கிழமைவாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி வாங்கிக்கொடுங்கள். சாப்பிட்டோமா இல்லையா என்ற ஐயம் அதில் தீர்ந்துவிடும். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது தூக்கம். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது இவருக்கு மருந்தின் ஒரு பகுதி. சிவராத்திரிக் கண்விழிப்பும், திருமண வீட்டில் விடிய விடிய விழித்திருப்பதும், இரவுப் பேருந்துப் பயணமும், முழுநாள் பட்டினி விரதமும் இவருக்கு வேண்டாம். உறவினர்கள் வற்புறுத்தினால் மறுத்துச் சொல்லும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் தலையில் சுமத்தாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் முன்னறிகுறியின்போது செய்யும் பயிற்சி. இதை வகுப்பில் கூட்டத்தோடு கற்க முடியாது. உளவியலாளரோடு தனியாக அமர்ந்து, மேலேறும் அந்த உணர்வை நுணுக்கமாக விவரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எந்த இடத்தில் நினைவு மங்குகிறது என்று தெரிந்தபின், அதற்கு எதிரான ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கிறோம். கண்முன் இருக்கும் ஒரு பொருளின் பெயரையும் நிறத்தையும் உரக்கச் சொல்வது, கையை இறுக மூடித் திறப்பது, கடுமையான மணமுள்ள ஒன்றை முகர்வது என அது ஆளுக்கு ஆள் வேறுபடும். வலிப்பில்லாத அமைதியான நேரங்களில் அதை நாள்தோறும் ஒத்திகை பார்த்துப் பழகினால்தான், தேவைப்படும் விநாடியில் கை தானாகச் செய்யும். இதனால் எல்லா முறையும் வலிப்பு நிற்காது. நிற்காத நாளில், பாதுகாப்பாகத் தரையில் உட்கார்ந்துவிடவாவது அந்தப் பயிற்சி உதவும். ஆகவே முன்னறிகுறி வந்ததும் முதலில் உட்காருவது, பிறகு பயிற்சி என்ற வரிசையை மாற்றக் கூடாது. இதில் பழகும்வரை மட்டுமல்ல, பழகிய பிறகும் இருசக்கர வண்டி ஓட்டுவதும் தனியாக நீந்துவதும் கூடாது.

யோகா வகுப்பில் சேர்க்கலாம். ஆசிரியரிடம் வலிப்பு இருப்பதைச் சொல்லிச் சேருங்கள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் வேண்டாம், இ.இ.ஜி. அறையில் வலிப்புத் தன்மையை வெளிக்கொணரச் செய்யச் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. மெதுவாக மூச்சுவிடுதல், எளிய ஆசனங்கள், சவாசனம் போதும். தலைகீழாக நிற்பவற்றையும் தவிர்க்கலாம். இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கற்பூரம் வலிப்பைத் தூண்டக்கூடிய பொருள், யூகலிப்டஸ் தைலமும் அப்படியே. சளிக்கும் தலைவலிக்கும் நாம் தாராளமாகத் தடவும் தைலங்களிலும் ஆவி பிடிக்கும் மருந்துகளிலும் இவை கலந்திருப்பதால், தங்கள் வீட்டில் அவற்றை அவருக்கு எட்டாமல் வைப்பது நல்லது. முன்னறிகுறிக்கு முகரும் பொருளாகவும் அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கோபம் கூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய குணக்கோளாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிச்சலும் மனநிலை மாற்றமும் லெவெடிரசெட்டத்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். எப்போது தொடங்கியது, மாத்திரை அளவு எப்போது கூட்டப்பட்டது என்பதை மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்று வழி யோசிப்பார். மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் இந்தத் தொல்லையும் இருக்கக்கூடும். காணொளியைப் பற்றி வாதிடுவதற்கு முன் மாத்திரை என்ன செய்கிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பழக்கத்தால் வலிப்பைக் குறைக்கலாம் என்று அறிந்தபின், வலிப்பு வரும் ஒவ்வொரு முறையும் "நீ சரியாகத் தூங்கவில்லை, கண்டதை நினைத்துக்கொண்டிருந்தாய்" என்று குற்றம் சொல்லும் வழக்கம் குடும்பங்களில் தொற்றிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கும் வலிப்பு வரும். அது மூளையில் உள்ள கோளாறு, ஒழுக்கக் குறைவு அல்ல.

வரன் பார்ப்பதைப் பற்றி: வலிப்பை மறைத்துத் திருமணம் செய்துகொடுத்தால், புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிட வேண்டிய நிலை வரும், மறைக்க முடியாத நாட்களில் மாத்திரை விடுபடும், விடுபட்டால் வலிப்பு வரும். மறைப்பதே வலிப்பின் தூண்டுகோலாக மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் குறிப்பிட்டிருந்த சொற்கள் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டன. சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் நாம் ஒளிய வேண்டியதில்லை, சொல்லிச் செய்யுங்கள். கருவுறும் எண்ணம் வருவதற்கு முன்பே மாத்திரைகளைப் பற்றியும் ஃபோலிக் அமிலம் பற்றியும் நரம்பியல் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

கடைசியாக, தாங்கள் கேட்காத ஒன்று; ஆனால் இந்தக் கடிதத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் எடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால், உலக வலிப்பு மருத்துவர்களின் அமைப்பு 2010-இல் வகுத்த வரையறைப்படி அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. கிளாஸ்கோவில் புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 470 பேரைப் பின்தொடர்ந்து 2000-இல் வெளியான ஆய்வில், 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது, மூன்றாவது மருந்துகளில் நின்றது மேலும் 14 சதவீதத்தினருக்கு மட்டும். அதாவது மருந்தை மாற்றி மாற்றிக் காத்திருப்பதில் கிடைக்கும் பலன் விரைவாகக் குறைகிறது. டெம்போரல் மடல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை ஒரு நல்ல வாய்ப்பு: கனடாவில் 80 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், நினைவு தப்பும் வலிப்புகளிலிருந்து ஓராண்டில் விடுபட்டவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8 சதவீதம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சை நடந்துவருகிறது. தங்கள் மகளுக்கு அது பொருந்துமா என்பதை வலிப்புக்கென்று எடுக்கும் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி.யோடு நோயாளியைப் படமும் பிடிக்கும் வீடியோ இ.இ.ஜி. போன்ற பரிசோதனைகளுக்குப் பிறகே சொல்ல முடியும். வலிப்பைப்போலவே தோன்றும் மனம் சார்ந்த தாக்கங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறியவும் வீடியோ இ.இ.ஜி.தான் கைகொடுக்கும். யோகாவும் பயிற்சியும் செய்துபார்த்துவிட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இதைக் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் குறிப்பேட்டையும், வலிப்பு வரும்போது தாங்கள் கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளியையும் கொண்டுசெல்லுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி எடுங்கள். அதற்காக அவரைக் கவனிக்காமல் விட்டுவிட வேண்டாம்: இறுக்கிப் பிடிக்காமல், அடுப்பு, மாடிப்படி, சாலை ஆகியவற்றிலிருந்து மெல்ல விலக்குங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கீழே விழுந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: இது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பா, அறுவை சிகிச்சை வசதியுள்ள மையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா? இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் அந்த மருத்துவமனையில் இருக்கிறாரா என்றும் அங்கேயே விசாரித்து, முதல் சந்திப்புக்குத் தங்கள் மகளைத் தனியாக உள்ளே அனுப்புங்கள்.